குவாட்டர் பாட்டும் ஒன்பது வயதுப் பையனும்

அன்புள்ள சார்,

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழு 'வேணாம் மச்சான் வேணாம்' பாடியது. என் தங்கை மகனுக்கு ஒன்பது வயது. மேடைக்கு முன்னால் போய் நின்று, குவாட்டர் என்று வரும் இடத்தில் மூடியைத் திருகிக் குடிப்பதுபோல் காட்டி ஆடினான். பெரியவர்கள் எல்லாம் விசில். குடிகாரக் கணவரோடு பல வருஷம் குடும்பம் நடத்தியவள் நான், எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. பழைய பாட்டெல்லாம் இப்படியா இருந்தது? இந்த மாதிரிப் பாட்டுகளைத் தடை செய்தால் என்ன?

மு., ஈரோடு

அன்புள்ள மு.,

பழைய பாட்டெல்லாம் யோக்கியம் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. தமிழில் குடியைப் பாடுவது சினிமாவுக்கு ரொம்ப முந்தியது. அதியமான் செத்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (235) கள்ளில்தான் தொடங்குகிறது. கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான், இனி அதெல்லாம் இல்லையே என்று அழுகிறாள். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் ஒதுக்கினார். ஆக இரண்டு தரப்பும் நம்மிடம் எப்போதோ இருந்திருக்கின்றன.

சினிமாவிலும் அப்படித்தான். 1953 தேவதாஸில் கண்டசாலா 'உலகே மாயம்' பாடும்போது, இவன் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறான் என்பது கேட்கிற எல்லாருக்கும் தெரியும். 1963 ரத்தத் திலகத்தில் கண்ணதாசன் தானே திரையில் வந்து, டி.எம்.எஸ். குரலில், ஒரு கோப்பையிலே என் குடியிருப்பு என்று அறிவித்தார். அது சுத்தமான கொண்டாட்டம், சப்பைக்கட்டு கட்ட முடியாது. ஆனால் குடிக்கிறேன், அது என் இஷ்டம் என்பதுதான் அங்கே தொனி, யார் தலையிலும் பழி விழவில்லை. 1968 ஒளிவிளக்கில் இதற்கு நேர் எதிர். குடித்துவிட்டு நிற்கிற எம்.ஜி.ஆரைச் சூழ்ந்துகொண்டு வேறு சில எம்.ஜி.ஆர்கள் 'தைரியமாகச் சொல் நீ மனிதன்தானா' என்று கேட்கிறார்கள். பிரச்சாரம்தான், இன்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்புகூட வரலாம், இருந்தாலும் கேள்வி குடித்தவனை நோக்கித்தான் போகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், இந்த மூன்று படமும் வந்தபோது இங்கே மதுவிலக்கு இருந்தது. 1971இல்தான் முதலில் தளர்த்தினார்கள்.

இனி உங்கள் குவாட்டர் பாட்டுக்கு வருகிறேன். 2003 கடைசியில் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டு, கடை தெருமுனைக்கு வந்து, அந்தப் பழக்கத்திலேயே ஒரு தலைமுறைப் பையன்கள் வளர்ந்து நின்ற சமயம், 2011-12 வாக்கில், வரிசையாக ஒரே அச்சில் பாட்டுகள் வந்தன. கொலவெறியில் கையில் கிளாஸ், கிளாசில் ஸ்காட்ச், கண்ணில் தண்ணீர். மயக்கம் என்ன படத்தின் 'காதல் என் காதல்' பாட்டில் அடிடா அவள, உதைடா அவள என்றே வருகிறது. அப்புறம் ஒரு கல் ஒரு கண்ணாடியில் உங்கள் பாட்டு. மூன்றிலும் கதை ஒன்றுதான்: ஒருத்தி இவனை விட்டுப் போனாள், அதனால் இவன் குடிக்கிறான், பக்கத்தில் நாலு நண்பர்கள் தோள்மேல் கை போட்டுத் தலையாட்டுகிறார்கள். மதுப் பாட்டில் நிரபராதி, குற்றவாளி அந்தப் பெண். சரி, அவளே குடித்தால்? அதற்கும் 'கிளப்புல மப்புல' என்று பெண்ணைத் திட்டுகிற பாட்டு கைவசம் இருந்தது, அதையும் இதே பையன்கள்தான் ரசித்துக் கேட்டார்கள். ஔவையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

எனக்கு உறுத்துவது இதுதான். குடி ஜாலி என்று பாடுவது பெரிய விஷயமில்லை, அது ஜாலியாக இருப்பதால்தானே தொடங்குகிறார்கள். ஆனால் இந்தப் பாட்டுகள் குடிக்கிறவன் கையில் கிளாசோடு சேர்த்து ஒரு சாக்கையும் கொடுத்துவிடுகின்றன. நீங்கள் அத்தனை வருஷம் அந்தச் சாக்கைக் கேட்டிருப்பீர்கள், உன்னால்தான் குடிக்கிறேன் என்று. மறுநாள் காலை, பாதியாக வந்த சம்பளம், தூங்காமல் உட்கார்ந்திருந்த மனுஷி, இதில் ஒன்றுகூட அந்தப் பாட்டுகளுக்குள் வராது, வந்தால் ஆட முடியாதே.

தடை வேண்டாம் என்பேன். 2023இல் லியோவின் 'நா ரெடி' பாட்டின்மீது புகார் கிளம்பியதும் காணொளியில் எச்சரிக்கை வாசகம் சேர்த்தார்கள். அதைப் படித்து யாராவது திருந்தியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை, மதுப் பாட்டிலிலேயே குடி கேடு என்று அச்சடித்துத்தானே அரசாங்கம் விற்கிறது? தடை என்கிற அதிகாரம் முதலில் யார்மேல் பாயும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2015 அக்டோபரில், மூடு டாஸ்மாக்கை மூடு என்று பாடிய நாட்டுப்புறப் பாடகர் கோவனைத் தேசத்துரோக வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். குடிக்கச் சொல்லிப் பாடியவர்களுக்கு எச்சரிக்கை வாசகம், கடையை மூடச் சொல்லிப் பாடியவருக்குச் சிறை. இவர்கள் கையில் இன்னொரு கத்தரிக்கோலைக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை.

பையனைத் திட்டாதீர்கள். அவனுக்கு அது வெறும் தாளம், விசில் கிடைத்தால் எதற்கும் ஆடுவான். பேச வேண்டியது விசிலடித்தவர்களிடம், அதில் உங்கள் தங்கை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த விசேஷம் உங்கள் செலவில் என்றால், முன்பணம் கொடுக்கும்போதே மெல்லிசைக் குழுவிடம் பாட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கி, வேண்டாததை அடித்துவிடுங்கள். அவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஒன்பதரை மணிக்கு மேல் மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்கு வந்து சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், அதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திவையுங்கள்.