திரைகள் எல்லாம் டிஜிட்டலான பின்னும் அணுமின் நிலைய ஒபரேட்டர்கள் பழுதைத் தவறாகக் கணிப்பது ஏன்? கவனக்குறைவுதானே?

கேள்வியின் முடிவில் நீங்கள் சேர்த்திருக்கும் "கவனக்குறைவுதானே" என்ற சொல்லுக்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் பொறியியல் மாணவராக இருக்கலாம். கட்டுப்பாட்டு அறையில் ஓர் இரவு ஷிப்டையேனும் கழித்திருக்க மாட்டீர்கள் என்று எண்ணுகிறேன். இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. நான் பணியாற்றியது ஓர் அனல்மின் நிலையத்தில். பொயிலர் பார்த்தவருக்கு அணு உலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். உலையின் பௌதிகத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. திரைக்கு முன்னால் அமர்ந்திருப்பவரின் கணிப்பு எப்படிப் பிழைக்கிறது என்பதை மட்டும், என் கையால் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் பழைய பெனலில் நீராவியின் அளவையும் பொயிலருக்குச் செல்லும் நீரின் அளவையும் இரண்டு பேனாக்கள் ஒரே காகிதத்தில் வரைந்துகொண்டிருக்கும். ஒன்றை விட்டு மற்றது விலகினால், நடந்து போகும்போதே கண்ணில் படும். கொம்பியூட்டர் திரைகள் வந்தபோது அவை வெவ்வேறு பக்கங்களுக்குப் போய்விட்டன. ஒரு நாள் அதிகாலை 3 மணியளவில் ட்ரம்மின், அதாவது பொயிலரின் மேலே நீரும் நீராவியும் பிரியும் கலத்தின், நீர்மட்டம் உயர்வதாகத் திரை காட்டியது. மூன்று அளவிகளில் இரண்டு உயர்வையும் ஒன்று வீழ்ச்சியையும் சொல்லின. அந்த மூன்றாவது அளவி முந்தைய வாரம் தொல்லை கொடுத்திருந்ததால், பழுது அதில்தான் என்று ஒரு கணத்தில் முடிவுகட்டி, தானியங்கியை விலக்கி, நீரைக் கையால் குறைத்தேன். பிறகு வந்த ஒவ்வோர் அலாரத்தையும் அந்த முடிவுக்கு ஏற்பவே வாசித்தேன். 11 நிமிடங்களுக்குப் பின், மேலே ட்ரம்மின் நீர்மட்டக் கண்ணாடியருகே நின்ற இளைஞர் வோக்கி டோக்கியில், "சேர், கண்ணாடியில தண்ணியக் காணோம்" என்றார். உடனே பொயிலரை டிரிப் செய்து நிறுத்தினேன். உயர்வு காட்டிய இரண்டு அளவிகளும் நீர்மட்டத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் நீர் நிரம்பிய ஒரே குழாயை, ஒப்பீட்டுக் குழாயை, பகிர்ந்திருந்தன. அந்தக் குழாயில் கசிவு; அதனால்தான் இரண்டும் பொய்யான உயர்வைக் காட்டின. நான் ஒதுக்கிய மூன்றாவதுதான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் இரண்டாம் உலையில் நடந்ததைப் படிக்கும் போதெல்லாம் அந்த இரவுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பெனலில் இருந்த விளக்கோ வால்வின் உண்மையான நிலையைக் காட்டாமல், மூடுமாறு கட்டளை போனதை மட்டுமே காட்டியது. உலையின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் தனிக் கலத்தில் நீர்மட்டம் உயர்ந்ததைக் கண்ட ஒபரேட்டர்கள் நீர் மிகுந்துவிட்டது என்று கருதி, அவசரகால நீரூட்டலைக் குறைத்தார்கள். கசிவை அடைக்க 2 மணி நேரத்துக்கும் மேலாயிற்று; முந்தைய முடிவின் பாரம் இல்லாமல் புதிதாக வந்தவர்தான் அதை ஊகித்தார். இறுதியில் உலையின் உட்கருவில் ஏறத்தாழப் பாதி உருகியது.

அதன் பிறகு, நோயைப் பெயரிடாமலே அறிகுறியைப் பார்த்துச் செயற்படும் அவசரகால நடைமுறைகளும், முக்கிய அளவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரையும் கொண்டுவரப்பட்டன. பிரான்சின் ஷோ (Chooz) என்ற ஊரில் 1996இல் இயங்கத் தொடங்கிய உலை, அமீரகத்தின் பராக்காவில் 2020இல் தொடங்கிய உலை ஆகியவற்றின் கட்டுப்பாட்டு அறைகள் திரைகளால் ஆனவை. ஆயினும் திரை என்பது சாவித்துவாரம் போன்றது: அழைத்த பக்கம் மட்டுமே தெரியும், எந்தப் பக்கத்தை அழைப்பது என்பதை, ஏற்கெனவே மனத்தில் விழுந்துவிட்ட கணிப்பே தீர்மானிக்கிறது. பக்கங்களைத் தேடித் திறப்பதே தனி வேலையாகி, அளவுகளை ஒப்பிட்டு யோசிக்க வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2005இல் வெளியிட்ட மனிதப் பிழை மதிப்பீட்டு முறை, செயலில் பிழைக்கும் வாய்ப்புக்கு 0.001 என்றும், கணிப்பில் பிழைக்கும் வாய்ப்புக்கு 0.01 என்றும் அடிப்படை எண்களைத் தருகிறது. நேரம், மன அழுத்தம், சிக்கல், திரையமைப்பு ஆகியவற்றைப் பொறுத்து அவை பெருக்கப்படுகின்றன. பொத்தானை மாற்றி அழுத்துவதை விடப் பத்து மடங்கு வாய்ப்புள்ள பிழையை ஒருவரின் சோம்பல் என்று எழுதிவிட முடியாது.

ஆனால் எங்கள் நிலையத்தில் அப்படித்தான் எழுதினார்கள். அந்த இரவு முடிந்து காலையில் வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது எங்கள் ஒழுங்கையிலும் மின்சாரம் இல்லை. கடையில் நின்ற அயலவர் ஒருவர், நான் யார் என்று தெரிந்தே, "நித்திரை கொள்ளுறவைக்குச் சம்பளம் குடுக்கினம்" என்றார். விசாரணை அறிக்கையிலும் காரணம் "ஒபரேட்டரின் கவனக்குறைவு" என்ற ஒரே வரிதான்; ஒப்பீட்டுக் குழாய் பகிரப்பட்டிருந்ததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் தவறே செய்யவில்லை என்று வாதிடவில்லை. மூன்றாவது அளவியை நான்தான் ஒதுக்கினேன். நீராவியையும் நீரையும் மீண்டும் ஒரே பக்கத்தில் காட்டுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். நான் ஓய்வுபெற்ற நாளிலும் அவை வெவ்வேறு பக்கங்களில்தான் இருந்தன.