காலில் ஜிபிஎஸ் கட்டி வீட்டுக்கு அனுப்பினால் அது தண்டனையா? 41 நாள் கையெழுத்து போட்டவன் சொல்கிறேன்

கேள்வி இதுதான்: விசாரணைக் கைதிகளை ஜெயிலில் அடைப்பதற்குப் பதில் ஜாமீனில் விட்டு, காலில் ஜிபிஎஸ் மாட்டிக் கண்காணித்தால் என்ன? அதோடு கேட்டவர் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "சும்மா ஸ்டேஷனில் போய்க் கையெழுத்து போடுவதெல்லாம் ஒரு தண்டனையா?" அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்டவர் வீட்டில் யாரும் உள்ளே போனதில்லை போலிருக்கிறது. நல்லது, அப்படியே இருக்கட்டும்.

ஜாமீனில் வந்தவன் இன்னும் குற்றவாளி ஆகவில்லை. அவனுக்குத் தண்டனை போதுமா போதாதா என்ற பேச்சுக்கே இடமில்லை. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அதில் விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் தீர்ப்பு வராமலே உள்ளே. 2019ல் 11 நாள் நானும் அந்தக் கும்பலில் ஒருவன்.

என் விஷயம் பெரிய குற்றமில்லை. அதற்காக நான் யோக்கியன் என்றும் சொல்ல வரவில்லை, யாரும் கிளம்பி வர வேண்டாம். ஈரோடு பக்கம் எட்டுத் தறி ஓட்டுகிறேன். தறிக்கொட்டகைக்குப் பின்னால் பங்காளி நிலம். நடுவில் இருந்த எல்லைக் கல்லைக் காணோம். வாய்ச்சண்டை கைச்சண்டை ஆனது. மம்முட்டிக் காம்பு என் கையில் இருந்தது, அவருக்கு மூன்று தையல். அப்போது இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில், எங்கள் பக்கம் அடிதடி என்றால் 294(பி) கெட்ட வார்த்தை, 324 ஆயுதத்தால் காயம், 506(2) கொலை மிரட்டல் எல்லாம் ஒரே கொத்தாக வந்துவிடும். ரிமாண்ட், சப்-ஜெயில்.

ஜாமீன் கிடைத்த பிறகும் மூன்று நாள் உள்ளேதான் கிடந்தேன். தலைக்கு 10,000 ரூபாய்க்கு இரண்டு ஷூரிட்டி, அதாவது எனக்காகப் பொறுப்பேற்கும் பிணையாள், போட்டோ, இடது பெருவிரல் ரேகை, ஆதார் நகல். சித்தப்பா ஒருவர் வந்துவிட்டார். இன்னொரு ஆள் என் மாமா. அவர் நிலம் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. உள்ளூர் ஆளாகக் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மத்தியப் பிரதேசத்தில் மோதி ராம் என்ற கொத்தனாருக்கு இதே நடந்து, அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டம் என்று தள்ளியதை 1978லேயே உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் கிழித்திருக்கிறார். தமிழனோ மலையாளியோ பஸ்தரில் கைதானால் ஷூரிட்டிக்கு எங்கே போவான் என்று அதில் கேட்கிறார். இதெல்லாம் பின்னால் வக்கீல் சார் சொல்லித் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் அந்தக் கவுண்டரில் போய் 1978 என்று பேச முடியுமா?

அப்புறம் கண்டிஷன். தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் ஆஜராகிக் கையெழுத்து, மறு உத்தரவு வரும் வரை. ஒரு கையெழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆகுமா என்று நானும் முதலில் நினைத்தேன்.

நீள நோட்டு ஒன்று ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) ரூமில் இருக்கும். ரைட்டர் பந்தோபஸ்து போயிருப்பார். பீரோ சாவி அவரிடம். "உட்காருங்க, வந்துருவாரு" என்பார் பாராக்காரர். உட்காரும் பெஞ்சு வாசலுக்கு நேராக இருக்கும், ரோட்டில் போகிறவன் எல்லாம் பார்க்கலாம். 10.30க்குப் போனவன் 12.45க்குக் கையெழுத்து போட்ட நாள் உண்டு, நோட்டில் நேரம் 10.30 என்றே இருக்கும். பேப்பர் பண்டல் இரண்டு தடவை வாங்கிக் கொடுத்தேன். டீ எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. எல்லா ஸ்டேஷனும் இப்படி என்று சொல்லவில்லை. அங்கேயே ஏட்டய்யா ஒருவர் என்னைப் பார்த்ததும் நோட்டை எடுத்து ஜன்னலில் வைத்துவிடுவார்.

பாவு, அதாவது தறியின் நீளவாட்டு நூல், பிணைக்கிறவர் எங்கள் கொட்டகைக்குக் காலை பத்து மணிக்குத்தான் வருவார். கூட ஆள் நிற்க வேண்டும். நான் ஸ்டேஷன் பெஞ்சில் இருப்பேன். பாவு தீர்ந்த தறி மறுநாள் வரை நிற்கும். நான்கு தறி ஓடினால் பெரிய விஷயம் என்று ஆனது. கூலிக்காரர்களுக்கு வாரக்கூலி சும்மா இருக்குமா?

19ஆம் நாள் வண்டி பஞ்சர். தள்ளிக்கொண்டு போய்ச் சேரும்போது 11.20. நோட்டில் என் பேருக்கு நேராகச் சிவப்பில் ஒரு கோடு. ஜாமீனே ரத்தாகிவிடுமோ என்று எனக்குக் கால் ஆடிவிட்டது. ரைட்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்னங்க தறிக்காரரே, நாளைக்குச் சேர்த்துப் போட்டுக்கலாம். அந்த ஃபேனைக் கொஞ்சம் தொடைச்சு விட்டுட்டுப் போங்க." தொடைத்தேன். அந்த ராத்திரி பூரா அந்தச் சிவப்புக் கோடுதான் கண்ணுக்குள்.

எதிரே டீக்கடை. பங்காளி மகன் தினமும் அங்கே வந்து உட்காருவான், நான் உள்ளே போவதைப் பார்க்க. 41 நாளில் ஒரு நாள் தவறவில்லை. சபரிமலைக்கு மாலை போட்டவன்கூட அவ்வளவு நியமமாக இருக்க மாட்டான். சாட்டிலைட்டில் பார்க்கும் கருவி எல்லாம் நேற்று வந்தது, எங்கள் ஊரில் அந்த வேலைக்கு டீக்கடை இருக்கிறது.

சரி, கருவிக்கு வருகிறேன். நம் நாட்டில் முதலில் மாட்டியது ஜம்மு காஷ்மீர் போலீஸ், 2023 நவம்பரில், பயங்கரவாத வழக்கில் ஜாமீனில் வந்த ஒருவருக்கு. அதே வருஷம் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரிச் சிறைச் சட்டத்திலும், கருவி கட்டிக்கொள்ளச் சம்மதித்தால் கைதிக்கு லீவு என்று இருக்கிறது. ஆனால் 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஒரு நைஜீரியரின் ஜாமீன் வழக்கில், கூகுள் மேப்பில் இருக்குமிடத்தைப் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கிவிட்டது. ஜாமீனில் போனவனின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் பார்த்துக்கொண்டே இருப்பது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்றது. அமெரிக்காவில் பல இடங்களில் கருவிக்கான தினக் கட்டணத்தை மாட்டிக்கொண்டவனே கட்ட வேண்டும். தினமும் சார்ஜ் வேறு போட வேண்டும். எங்கள் ஊர் கரண்ட்டுக்கு அது எப்படி என்று யோசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2019ல் அந்த பெஞ்சில் வைத்து என்னைக் கேட்டிருந்தால், "கொண்டாங்க, ரெண்டு காலிலும் கட்டுங்க, வேட்டிக்குள்ளே மறைஞ்சிரும்" என்றுதான் சொல்லியிருப்பேன். தறியாவது ஓடியிருக்கும். இப்போது வேறு பயம். கருவி வந்தால் யார் காலுக்குப் போகும்? ஷூரிட்டிக்கு ஆளில்லாமல் உள்ளே கிடக்கிறானே, அவனை வெளியே விட்டு அவன் காலில் கட்டினால் நானே கும்பிடுவேன். சப்-ஜெயிலில் என் பக்கத்தில் படுத்திருந்த வடநாட்டுப் பையன் ஜாமீன் உத்தரவு வந்து ஒரு மாசமாக ஷூரிட்டி இல்லாமல் கிடந்தான். ஆனால் நடக்கப்போவது அது இல்லை. இன்றைக்கு ஒரு கையெழுத்தோடு போகிறவன் காலில் கருவியையும் சேர்த்து மாட்டுவார்கள், கையெழுத்தும் இருக்கும், ஷூரிட்டியும் இருக்கும். உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பான். இதைச் சொன்னால் போலீஸ் விரோதி என்பீர்கள். என் மச்சான் போலீஸ்தான், அவரும் இதையேதான் சொல்கிறார்.

41ஆம் நாள் நிபந்தனை தளர்ந்தது, திங்கள்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று. அப்புறம் அதுவும் போனது. வழக்கு 2023 வரை இழுத்து, சாட்சி பிறழ்ந்து, விடுதலை. கைதான செய்தி பேப்பரில் வந்தது, விடுதலை வரவில்லை. அது போகட்டும்.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. இந்தச் சண்டை எல்லாம் அந்தக் கல்லால் வந்தது. அளக்கச் சொல்லி 2018லேயே பணம் கட்டி ரசீது வாங்கினேன். சர்வேயர் மூன்று தடவை தேதி கொடுத்தார், மூன்று தடவையும் வரவில்லை. ஒரு தடவை பைக் பெட்ரோலுக்கென்று ஆள் விட்டுப் பணம் வாங்கிப் போனார். அவர் அன்றைக்கு வந்து சங்கிலியை இழுத்திருந்தால் மம்முட்டிக்கு வேலையே இல்லை. போன மாசமும் மனு போட்டேன், "பரிசீலனையில்" என்று மெசேஜ் வந்திருக்கிறது. சர்வேத் துறையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் கமெண்டில் சொல்லுங்கள், ரசீதையும் பட்டா நகலையும் எடுத்துக்கொண்டு எந்த ஆபீசுக்கு வேண்டுமானாலும் வருகிறேன். காலை 10.30க்கு என்றாலும் சரி.