ஓல்காவின் கதையை அம்மாவிடம் சொல்லலாமா?

கேள்வி: கடன் முற்றிப்போய் எங்கள் அரிசி ஆலையையும் பெரிய வீட்டையும் விற்றுவிட்டோம். அம்மா இப்போது என்னோடு இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறார். நாள் முழுக்கப் பழைய வீட்டுப் பேச்சுதான். ரஷ்யச் சக்கரவர்த்தியின் தங்கை கடைசிக் காலத்தில் ஒரு கடையின் மாடியில் இருந்தாராமே, உண்மையா? அதைச் சொன்னால் அம்மா மனம் தேறுமா?

– ஒரு வாசகி, சென்னை

பதில்: உண்மைதான் சகோதரி. அவர் பெயர் ஓல்கா அலெக்சாந்த்ரோவ்னா. ரஷ்யாவின் கடைசிச் சக்கரவர்த்தி (ஜார் மன்னர்) இரண்டாம் நிக்கோலாஸின் கடைசித் தங்கை. 1882-இல் பிறந்தவர். வளர்ந்த காட்சினா அரண்மனையில் 900 அறைகள். ஆனால் அப்பா மூன்றாம் அலெக்சாந்தர் பிள்ளைகளைச் செல்லம் கொடுத்து வளர்க்கவில்லை. படுக்கக் கெட்டியான சிப்பாய்க் கட்டில், காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல். சின்ன வயதிலேயே ஓவியம் கற்றுக்கொண்டார். அதுதான் பின்னால் சோறு போட்டது.

19 வயதில் ஓர் இளவரசரோடு நடந்த கல்யாணம் பெயருக்குத்தான். நேசித்தது குலிகோவ்ஸ்கி என்ற ராணுவ அதிகாரியை. உலகப் போரில் நர்ஸாகக் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தவர், 1916-இல்தான் கீவ் நகரில் அவரை மணக்க முடிந்தது. மறு வருடமே புரட்சி வந்து மன்னராட்சி கவிழ்ந்தது. கிரிமியாவில் காவலில் இருக்கும்போது மூத்த மகன் பிறந்தான். இளையவன் தெற்கு ரஷ்யாவில் குபான் பகுதியின் ஒரு கிராமத்தில். 1918-இல் அண்ணன்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். நிக்கோலாஸின் மனைவி, பிள்ளைகள் ஒருவரும் மிஞ்சவில்லை. 1920-இல் கைக்குழந்தைகளோடு கப்பலேறி, கடைசியில் டென்மார்க் போய்ச் சேர்ந்தார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். அங்கே அவருடைய அம்மா மரியா இருந்தார். டென்மார்க்கில் பிறந்த இளவரசி, ரஷ்யாவின் சக்கரவர்த்தினியாக இருந்தவர். மகன்கள் இறந்ததை அவர் நம்பவே இல்லை. நினைவுப் பிரார்த்தனை பற்றிப் பேச்செடுத்தாலே மறுத்துவிடுவார். டென்மார்க் அரசர் அவருக்கு அண்ணன் மகன். மின்சாரச் செலவு ஏறுகிறது, விளக்குகளை அணையுங்கள் என்று அந்த அரசர் சொல்லி அனுப்பியபோது, மரியா இருந்த விளக்கையெல்லாம் ஏற்றச் சொன்னாராம்.

இழப்பு இருவருக்கும் ஒன்றுதான். மகளுக்கு எளிய வாழ்க்கை பழகியிருந்தது, பிடித்தும் இருந்தது. பக்கத்தில் விரும்பிய கணவர், மடியில் பிள்ளைகள். தாய்க்கோ போனது அவருடைய முழு வாழ்நாளும். "என்னைப் பாருங்கள், நான் தேறிவிட்டேனே" என்று அந்த அம்மாவிடம் சொன்னால் எப்படி இருந்திருக்கும்? ஓல்கா கூடவே இருந்து, 1928-இல் மரியா கண்மூடும் வரை பார்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் அவருக்கென்று ஒரு வீடு. டென்மார்க்கில் பண்ணை வாங்கி மாடு, கோழி வளர்த்தார். 1948-இல் சோவியத் மிரட்டலுக்குப் பயந்து கனடா போனார்கள். அங்கே முதலில் 200 ஏக்கர் பண்ணை, உடம்பு தளர்ந்ததும் ஐந்து அறை கொண்ட சின்ன வீடு. வரைந்து விற்ற படங்களும் குடும்பத்துக்குக் கைகொடுத்தன. வாழ்நாளில் 2,000 படங்களுக்கு மேல் வரைந்திருக்கிறார். 1958-இல் கணவர் போனார். 1960 நவம்பரில், டொரான்டோவில் ஓர் அழகு நிலையத்தின் மாடியில், தெரிந்த ரஷ்யத் தம்பதி வீட்டில் ஓல்கா இறந்தார்.

சரி, அம்மாவிடம் சொல்லலாமா? இப்போது வேண்டாம். "சக்கரவர்த்தி வீட்டுப் பெண்ணே சமாளித்தாள், உனக்கென்ன" என்றுதான் அவர் காதில் விழும். பழைய வீட்டைப் பற்றி அவர் பேசும்போது பேச்சை மாற்றாதீர்கள். நீங்களே கேளுங்கள்: ஆலையில் முதல் அரவை என்றைக்கு, கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அடுப்படி எப்படி இருந்தது, முற்றத்தில் என்னென்ன காயப்போட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள். பழைய சமையலறையிலிருந்து ஒரு பாத்திரமாவது உங்களிடம் இருந்தால், அதை எடுத்துக் கொடுத்து அவர் கையால் ஒரு குழம்பு வைக்கச் சொல்லுங்கள். ஓல்காவின் கதையை ஒருநாள் அவராகக் கேட்டால், அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.