மானை எண்ணும் முன் புல்லை எடை போடுங்கள்

கேள்வி: இளநிலையில் விலங்கியல் படித்தேன். மேய்ச்சல் நிலம், வனவிலங்கு மேலாண்மையில் முதுநிலை சேர ஆசை. புல் இனங்கள் பற்றி எதுவும் தெரியாது. தடையாகுமா?

தடை இல்லை. ஆனால் அந்தக் குறையைச் சேர்வதற்கு முன்பே சரிசெய்யத் தொடங்குங்கள். இந்தத் துறையில் விலங்கு மீதான ஆசையோடு வருபவர்கள்தான் அதிகம். அவர்களில் பலர் திணறுவது தாவரத்தில்தான். மேய்ந்த புல்லில் பூங்கதிர் மிஞ்சியிருக்காது. இலைத்தாளும் இலையுறையும் சேரும் இடத்தில் இருக்கும் சிறு சவ்வு அல்லது மயிர்வரிசை, தண்டின் கணு, இலையின் மடிப்பு ஆகியவற்றை வைத்தே இனத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் வேலை செய்யப்போகும் நிலத்தின் முக்கியமான 30 புற்களைப் பூவோடும் பூவில்லாமலும் அழுத்தி உலர்த்திச் சேகரியுங்கள். கூடவே ஒரு பருவமாவது புள்ளியியல் படியுங்கள்.

கேள்வி: ஒரு நிலம் எத்தனை மாடுகளைத் தாங்கும் என்று எப்படிக் கணக்கிடுவது? அங்கே மான்களும் மேய்கின்றன.

50 செ.மீ.க்கு 50 செ.மீ. சட்டம் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்த இடங்களில் வையுங்கள். பசுமையாக இருக்கும் இடமாகப் பார்த்து வைத்தால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். சட்டத்துக்குள் தரையை ஒட்டி வெட்டி, போன ஆண்டின் காய்ந்த தாளைப் பிரித்தெடுத்துவிட்டு, இந்த ஆண்டு வளர்ந்ததை மட்டும் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். 60 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம், அல்லது எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். பச்சை எடையை நம்பக் கூடாது. இளம்புல்லின் எடையில் பாதிக்கு மேல் நீர்தான்.

இந்த அளவுச் சட்டத்தில் கிடைக்கும் கிராமை 40ஆல் பெருக்கினால் எக்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். சராசரி 30 கிராம் என்றால் எக்டருக்கு 1,200 கிலோ. இதில் பாதியை நிலத்துக்கே விட்டுவிட வேண்டும். வேருக்கும் மண்மூடாக்குக்கும் அடுத்த தளிருக்கும் அதுதான் ஆதாரம். மீதிப் பாதியிலும் ஒரு பங்கு மிதிபடும், சாணம் படும், பூச்சியும் காட்டுவிலங்கும் தின்னும். ஆகவே மாட்டின் வாய்க்குப் போவது கால்பங்கு, அதாவது 300 கிலோ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. சுமார் 450 கிலோ எடையுள்ள பசு நாளுக்கு ஏறத்தாழ 12 கிலோ உலர்தீவனம் தின்னும். எனவே ஒரு எக்டர் ஒரு பசுவுக்கு 25 நாள். 100 எக்டரில் 120 நாள் மேய்ப்பதானால் 20 பசுக்கள்.

பலர் இந்த இடத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. தண்ணீரிலிருந்து 3.2 கி.மீ.க்கு அப்பால் உள்ள நிலத்தையும், 60 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள நிலத்தையும் மாட்டுக்கான கணக்கில் சேர்ப்பதில்லை. 1.6 முதல் 3.2 கி.மீ. வரை உள்ளதைப் பாதியாகக் குறைப்பது வழக்கம். அந்த 100 எக்டரில் 40 எக்டர் இப்படிக் கழிந்தால் 12 பசுக்கள்தான் தாங்கும். கழிக்காமல் 20ஐ விட்டால், தண்ணீர்க்கரை மொட்டையாகும், மேட்டில் புல் அப்படியே நிற்கும்.

மானை உடல் எடையால் வகுத்துப் பசுவாக மாற்றாதீர்கள். சிறிய விலங்கு ஒரு கிலோ உடல் எடைக்குக் கூடுதலாகத் தின்னும். அதோடு பல மானினங்கள் புல்லைவிடப் புதர்த்தழையையும் அகன்ற இலைச் செடிகளையும் நாடும். சாணத்தையும் புழுக்கையையும் நுண்ணோக்கியிலோ டிஎன்ஏ வழியாகவோ சோதித்து, இரண்டின் உணவும் எந்தப் பருவத்தில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்த பிறகே போட்டி இருக்கிறதா என்று சொல்ல முடியும்.

கேள்வி: மேயும் நிலம் ஒன்று, வேலியிட்ட நிலம் ஒன்று. ஒவ்வொன்றிலும் 30 சட்டங்கள் வைக்கிறேன். ஆய்வேட்டுக்குப் போதுமா?

போதாது. உங்களிடம் இருப்பது 30 மாதிரிகள் அல்ல, மேயும் நிலத்துக்கு ஒன்று, வேலியிட்ட நிலத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். இரண்டு நிலங்களுக்கும் மண்ணிலோ மழையிலோ ஏற்கனவே வேறுபாடு இருந்தால், அதை மேய்ச்சலின் விளைவு என்று எழுதிவிடுவீர்கள். ஒரே நிலத்தில் எடுத்த பல அளவுகளைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணும் இந்தப் பிழையை, 1984இல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் போலி மறுசெய்கை என்று விளக்கி எழுதினார். இன்றும் ஆய்வேடுகள் இதே பிழையில் விழுகின்றன என்பது எங்களுக்கு உண்மையான வருத்தம். சட்டங்களைக் குறைத்து, வேலிகளைக் கூட்டுங்கள். வெவ்வேறு இடங்களில் 6 சிறு வேலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே மேயும் துண்டு ஒன்று. வேலி போடும் முன்பே முதல் அளவீட்டை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நேர்கோட்டில் நடந்து மான்களை எண்ணும்போது எதில் தவறு வரும்?

முதலில் பாதையில். சாலையோரம் நடப்பது எளிது, ஆனால் விலங்குகள் சாலையை ஒதுக்கும், அல்லது நாடி வரும். கோடுகளைச் சாலையைப் பாராமல் போடுங்கள், 10 முதல் 20 கோடுகளாவது வேண்டும். அடுத்தது கோணம். 80 மீட்டர் தொலைவில் 30 டிகிரியில் கூட்டம் தெரிந்தால், கோட்டிலிருந்து அதன் செங்குத்துத் தூரம் 40 மீட்டர். இந்தத் தூரங்களை வைத்துத்தான் அடர்த்தியை, அதாவது ஒரு பரப்பில் எத்தனை மான்கள் என்பதை, கணிக்கிறோம். சிறு கோணங்களைச் சுழியம் என்று எழுதும் பழக்கம் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். உங்களைக் கண்டு மிரண்டு நகர்ந்த பிறகு தூரத்தை அளந்தால் அடர்த்தி குறையும். முதலில் பார்த்த இடத்தையே லேசர் தூரமானியால் அளந்து, கூட்டத்தின் எண்ணிக்கையைத் தனியாகக் குறியுங்கள். 60 முதல் 80 கூட்டங்களாவது பதிவாகாமல் கணிப்பு நிலைக்காது.

கேள்வி: நெறியாளருக்கு எழுதும்போது என்ன கேட்கலாம்?

உதவித்தொகை எத்தனை மாதம், களச்செலவு யாருடையது, தரவு யாருக்குச் சொந்தம், முன்னாள் மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள். கடைசியாக, விலங்கைப் பிடிக்கவும் அதன் நடமாட்டத்தைப் பின்தொடரும் காலர் மாட்டவும் அனுமதி ஏற்கனவே வாங்கியாகிவிட்டதா என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுப் படிப்பில் புல் வளரும் பருவம் இரண்டே முறைதான் வரும். அனுமதி தாமதமானால் அதில் ஒன்று போய்விடும்.