இரண்டாவது ரிஜிஸ்டர் வேண்டாம்

ஜெர்மன் பையரின் ஆடிட் வருகிறது, ஓவர்டைமை மறைக்க இன்னொரு வருகைப் பதிவேடு எழுதச் சொல்கிறார் முதலாளி என்கிறீர்கள். எழுதாதீர்கள். நானும் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஹெச்.ஆரில் இருந்தவன்தான், ஆடிட்டர் ரிஜிஸ்டரோடு நிற்கமாட்டார், தையல் லைனின் உற்பத்திக் கணக்கு, கேட் நோட்டு, பேரணாம்பட்டுக்குக் கம்பெனி பஸ் கிளம்பிய நேரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுவிட்டு, வேலை செய்யும் பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார். அங்கே மாட்டுவீர்கள். சரக்கு செய்துதரும் தொழிற்சாலையில் தொழிலாளர் உரிமை மீறப்படுகிறதா என்று வாங்கும் கம்பெனியே கவனிக்கவேண்டும் என்கிற சப்ளை செயின் சட்டம் 2023இல் ஜெர்மனியில் வந்தபிறகு பையருக்கே பயம். ஓவர்டைம் அதிகம் என்றால் பெரும்பாலும் திருத்திக்கொள்ள அவகாசம் தருவார்கள், பொய்க்கணக்கு என்றால் ஆர்டரே போய்விடலாம். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் என்றால் இரட்டைச் சம்பளம் என்பது நம் ஊர்ச் சட்டமும்தான், அதைக் கொடுத்துவிட்டு உண்மைக் கணக்கைக் காட்டுங்கள். முதலாளி கத்துவார், சரி, பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரை விட்டுப் பேசவையுங்கள். ஆர்டர் போகும் என்று அவர் சொன்னால் காதில் விழும்.