கேள்வி–பதில்: வீட்டில் கட்டும் விமானத்துக்கு எரிபொருள் வடிகட்டி

கேள்வி: கிட் வாங்கி இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி வருகிறேன், இறக்கை மேலே அமைந்தது, எஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ். காருக்குப் போடும் காகித வடிகட்டியே போதும் என்கிறார் நண்பர். எனக்கோ வண்டல் வடிகட்டியை நானே கடைந்து செய்துகொள்ள ஆசை. எது சரி?

பதில்: காகித வடிகட்டி தூசியை நன்றாகவே பிடிக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் காகிதம் ஊறி வழியை அடைக்கும். தேங்கிய தண்ணீரை வடித்துவிட அதில் திருகும் கிடையாது. இந்த எஞ்சினுக்கு 0.1 மி.மீ. கண்ணுள்ள சல்லடை போதும் என்பதால், அதைவிட நுண்ணியதைத் தேடி அலைவதில் லாபமில்லை.

தொட்டியின் வாயில் நிற்கும் முதல் சல்லடையைத் தாராளமாக நீங்களே செய்யலாம். அங்குலத்துக்கு 8 முதல் 16 கண்கள் உள்ள பித்தளை வலையை விரல்போலச் சுருட்டி, பித்தளை இணைப்பில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸ் (பற்றவைக்கப் பூசும் பசை) முழுவதும் போகும்வரை கழுவுங்கள். வலைக்கண்களின் மொத்தத் திறப்பு, குழாயின் குறுக்குப் பரப்பைப்போல் ஐந்து மடங்காவது இருக்கவேண்டும், 8 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய்க்கு அது ஏறக்குறைய 250 சதுர மி.மீ.

நீங்கள் கேட்ட வண்டல் வடிகட்டியை, அதாவது தண்ணீரும் வண்டலும் அடியில் தங்கும் கேஸ்கலேட்டர் என்ற கிண்ணத்தை மட்டும் விலைக்கு வாங்குங்கள் என்பேன். பம்பு உறிஞ்சும் பக்கத்தில் கிண்ணத்தின் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சரியாக உட்காராவிட்டால், பெட்ரோல் சொட்டிக் காட்டிக்கொடுக்காமல் காற்று உள்ளே நுழையும். கைக்கடைசலில் அந்த வளையம் உட்காரும் பள்ளத்தின் ஆழம் சிறிது பிசகினாலும் இதுதான் நேரும். விமானம் தரையில் நிற்கும் நிலையில் எரிபொருள் குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் கிண்ணத்தைப் பொருத்தி, எஞ்சின் சூட்டிலிருந்து விலக்கி வையுங்கள்; சூடேறினால் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் கிண்ணத்தை மட்டும் நம்பவேண்டாம்: எத்தனால் ஓரளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்துவைத்துக்கொள்வதால், அளவு மீறிப் பிரியும்வரை அடியில் எதுவும் தெரியாது. ரோட்டாக்ஸ் இந்த எஞ்சினுக்கு 10 சதவீத எத்தனால்வரைதான் அனுமதிக்கிறது.

எல்லாம் பொருத்தியபின், தொட்டியில் சிறிதளவே பெட்ரோல் வைத்து, மூக்கை ஏறுகோணத்துக்கு உயர்த்தி, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றித் துணைப் பம்பை ஓட்டி அளந்து பாருங்கள். நிலைமின்சாரத்தால் பொறி எழாதபடி, விமானத்தையும் பெட்ரோலைப் பிடிக்கும் தகரக் கலனையும் கம்பியால் இணைத்துவிட்டே தொடங்குங்கள். எழும்பும்போது எஞ்சின் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்பு வழி ஓட்டம் அதைப்போல் ஒன்றேகால் மடங்கு, அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலாவது வரவேண்டும். குறைந்தால், வடிகட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி அளந்தால் தடை எதில் என்று தெரிந்துவிடும்.