மாத்திரை கூடுது, சர்க்கரை குறையலையே?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. பல்லடம் பக்கம் தறிகுடோனில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். டெஸ்ட்டுக்கு நாலு நாள் முன்னால் சோற்றை நிறுத்திவிடுவார். வெறும் வயிற்றில் 118 வருகிறது; மூன்று மாதச் சராசரி (HbA1c டெஸ்ட்) மட்டும் 9.1 சதவீதம். டாக்டர் சத்தம் போட்டு, காலையில் போடும் கிளிமிபிரைடை 1 மி.கி.யிலிருந்து 2 ஆக்கிவிட்டார். ராத்திரி மெட்ஃபார்மினைப் பாதி நாள் போடுவதே இல்லை என்பதை இவர் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடுவதில்லை. இப்போது ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, மாத்திரையும் டீயும் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தால், வேர்த்து நடுங்குகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த நடுக்கத்தைப் பார்ப்போம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. சாப்பாட்டோடு போட வேண்டிய அதைப் போட்டுவிட்டுப் பட்டினியாகத் தூங்கினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். அடுத்த முறை வேர்த்தால் உடனே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தாலோ, மீட்டர் கையில் இல்லாவிட்டாலோ, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. சரியானதும் இட்லியோ சோறோ சாப்பிடட்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த மாதத் தேதி வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அதுவரை மாத்திரை போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

உங்கள் டாக்டர் ஏன் அளவைக் கூட்டினார் என்று யோசியுங்கள். 9.1 என்றால் மூன்று மாதமாகச் சர்க்கரை சராசரியாக 215 பக்கம் இருந்திருக்கிறது. நாலு நாள் பட்டினி அந்த எண்ணை அசைக்காது. “மாத்திரை ஒழுங்கா போடறேனுங்க” என்று நோயாளி சொல்லும்போது, மருந்து பத்தவில்லை என்றுதான் எந்த டாக்டரும் முடிவெடுப்பார். போடாத மெட்ஃபார்மினுக்கு ஈடாக, போடுகிற கிளிமிபிரைடு ஏறிவிட்டது. திட்டு வாங்கக் கூடாதென்று மறைத்ததில் வந்த வினை இது. திட்டினால் நோயாளி மறைப்பார் என்பதை டாக்டர்களும் உணர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மெட்ஃபார்மினை ஏன் விடுகிறார் என்று அவரிடம் பக்குவமாகக் கேளுங்கள். வயிறு கலக்குகிறதா? தறியை விட்டு நகர முடியாத வேலையில் அது பெரிய தொல்லைதான், சொல்லக் கூச்சமாகவும் இருக்கும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரை பலருக்கு ஒத்துப்போகிறது. ஒரு வேளை மட்டும் போட்டுக்கொள்ளும்படியும் டாக்டர் எழுதித் தரலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

போகும்போது மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். பிரிக்காத குழிகளே கணக்குச் சொல்லிவிடும். உட்கார்ந்ததும் அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “டாக்டர், நைட் ஷிப்ட் வாரத்துல ராத்திரி மாத்திரை விட்டுப்போகுதுங்க. காலைல மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம தூங்கிடறனுங்க, அப்ப நடுங்குதுங்க. ஷிப்ட்டுக்குத் தகுந்த மாதிரி எழுதிக் குடுங்க.” முடிந்தால் பகல் ஷிப்ட்டில் இரண்டு நாள், ராத்திரி ஷிப்ட்டில் இரண்டு நாள், சாப்பிடும் முன்பும் முதல் வாய் வைத்து 2 மணி நேரம் கழித்தும் பார்த்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். மீட்டர் ஸ்ட்ரிப் விற்கும் விலைக்கு இதுவே போதும். பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் எண் பொய்யாக ஏறும்.

“சோத்தக் கொறைங்க” என்று டாக்டர் சொன்னால், எவ்வளவு என்று கேளுங்கள். அரிசிம்பருப்புச் சோறு எத்தனை கரண்டி, களி உருண்டை எவ்வளவு பெரிது என்று உள்ளபடி சொல்லுங்கள். ராகி என்பதற்காகப் பெரிய உருண்டை சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டிக்கும் இதே கதைதான்.

கிளம்பும் முன் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கண் விழித்திரைப் பரிசோதனையும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்ற டெஸ்ட்டும் செய்து ஒரு வருடம் ஆகிவிட்டதென்றால் அதையும் நீங்களே கேளுங்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்காகப் போடுபவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மதமதப்பு இருந்தால் அதற்கும் ஒரு டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள்.